துண்டுக்குள்ளே பேசிய கமிஷன்

டிஸ்கவுன்ட் கேட்கப் போகிறவர்களை நான் இறங்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். காரை விட்டு இறங்கியதும் அவர்கள் வீட்டைப் பார்க்க மாட்டார்கள். எதிரே இருக்கிற மலையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "வியூ அவ்வளவா இல்லையே" என்பார்கள். மேகம் வந்து மலையை மூடிக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மேகத்துக்கும் சேர்த்து வாடகையில் கழிக்கச் சொல்கிற ஆட்கள் அவர்கள்.

எங்கள் வீடு கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற சாலையில் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகள், மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று ஆசையாகக் கட்டியவை. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அவர்கள் போன சூடு ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு அறைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிப் பூண்டைத் தொங்கவிட்டுவிட்டார். பூண்டு விவசாயிக்கு ஒரு காலி அறை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

நான் பழனிப் பக்கம் கீழ்நாட்டில் பிறந்தவள். அப்பா மாட்டுத் தரகர். எங்கள் வீட்டில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து, பொழுது சாய்ந்ததும் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிற மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வாய்த்தவரோ ஒரு நாள் பத்து வார்த்தை பேசிவிட்டால் மறுநாள் வாய்க்கு ஓய்வு கொடுக்கிற மனிதர். பிள்ளைகள் இருந்தவரைக்கும் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு, பேச ஆளில்லாமல் பால் குக்கரோடு சண்டை போட ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. மாடியை விருந்தாளிகளுக்கு விடலாம், ராத்திரி தங்கிக் காலையில் டிபன் சாப்பிட்டுப் போகட்டும் என்று நான் நினைத்தது காசுக்காக இல்லை. மனுஷக் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் அவருக்குப் புரியாது என்று, "நல்ல வருமானம்ங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்து, அன்றைய பத்து வார்த்தையோடு மறுநாள் பத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் செலவழித்தார். "கட்டிலு, மெத்தை, சுடுதண்ணி மெசினுக்குக் கொழுவுல கடன் வாங்கிக்க. ஆவணியில பூண்டு புடுங்குறப்பப் பார்ப்போம். கடனை ரூமே அடைச்சிருந்தா அது ஒனக்கு ரூமு. இல்லேன்னா எனக்குப் பூண்டு."

ஆவணிதான் கெடு. சித்திரைப் பிறப்புக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு மூட்டை நிறுத்திக்கொண்டு மீதிப் பூண்டை எல்லாம் விற்று, கயிறுகளை அவிழ்த்து, சுவருக்கு வெள்ளையடித்தேன். மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டு அறையையும் தயார் செய்தேன். பூண்டு வாடை போக ஒரு வாரம் சன்னலைத் திறந்து வைத்தேன். வாசலில் "தங்கும் அறை உண்டு, காலை டிபன் இலவசம்" என்று போர்டு எழுதி மாட்டினேன். கோடை சீசன் தொடங்கி, சாலையில் கார்கள் வரிசையாகப் போயின. எங்கள் வாசலிலும் நிறையப் பேர் நிறுத்தினார்கள். எல்லோரும் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள்.

எங்கள் வளைவில் செல்போன் சிக்னல் கிடையாது. வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் ஏறினால்தான் போன் உயிர் பெறும். நான் சாயங்காலம் அங்கே ஏறி உட்கார்ந்துகொள்வேன். போர்டைப் பார்த்து நம்பர் குறித்துக்கொண்டு போன ஒருவர் ஒரு நாள் கூப்பிட்டார்.

"டிபன் இலவசம்னு போட்டிருக்கீங்கல்ல? நாங்க காலையில சாப்பிடுறதில்ல. அதைக் கழிச்சுக்கிட்டு ரேட் சொல்லுங்க."

"இலவசத்துல இருந்து எதைங்க கழிக்கிறது?"

"அப்படின்னா அது இலவசம் இல்ல. வாடகையிலயே சேர்த்து வாங்குறீங்க."

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மகன் திருப்பூரில் இருந்தபடியே எங்கள் வீட்டை ஏதோ ஒரு ஆன்லைன் கம்பெனியில் பதிந்துவிட்டான். அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் மாதிரி குரல். "மேடம், உங்க ரேட்டை ஒன்றரை மடங்கா ஏத்திப் போடுவோம். அது மேல ஒரு கோடு கிழிச்சுட்டு, கீழ உங்க பழைய ரேட்டைப் போடுவோம். பார்க்கிறவங்களுக்கு டிஸ்கவுன்ட் மாதிரி இருக்கும்."

"அந்த மேல இருக்கிற ரேட்டுக்கு நான் யாருக்கும்மா குடுத்தேன்?"

"அது குடுக்கிறதுக்கு இல்ல மேடம். கிழிக்கிறதுக்கு."

என் அப்பா கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவி இளமையாக்கிய கதையெல்லாம் எனக்குத் தெரியும். அவரே இந்தப் பெண்ணிடம் பாடம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் கமிஷன் போக மீதி இவ்வளவு என்றாள். அதற்கும் சரி என்றேன். ஆனால் அவர்கள் புக்கிங் அனுப்பினால் உடனே பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டுமாம். நான் சாணி அள்ளிக் கை கழுவி மேட்டில் ஏறுவதற்குள் வந்த புக்கிங்கெல்லாம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. சீசன் பாதி கரைந்தும் மெத்தையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய், கயிறு கட்டுகிற ஆணியெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தார்.

கொடைக்கானலில் மளிகைச் சாமான் வாங்கப் போன இடத்தில்தான் ஒரு கடைக்காரம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். "போர்டைப் பார்த்து எந்தப் பார்ட்டி வரும்? டிரைவருங்க கூட்டிட்டு வந்தாத்தான் உண்டு. அவங்களுக்குக் கமிஷன் பேசிக்கங்க." வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் எந்த விடுதி கூடுதல் கமிஷன் தருகிறதோ அங்கேதான் பார்ட்டியை இறக்குவார்களாம். வரும் வழியிலேயே போனில் விடுதிக்காரரிடம் பேசி முடித்துக்கொள்வார்களாம். பார்ட்டி காதில் மட்டும் அது விழக் கூடாது. எங்களுக்கோ போனே எடுக்காது. இந்தக் கதை நடக்காது என்று சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வாரமே ஒரு கார் வந்து நின்றது. நான் மாடியில் சன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே என் வீட்டுக்காரர் வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். காரிலிருந்து வயசான ஒரு தம்பதி, மகள், மருமகன் நாலு பேரும் இறங்கினார்கள். பெரியவர் இறங்கியதும் எதிர் மலையைப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர் என்பது பின்னால் தெரிந்தது, டிஸ்கவுன்ட் கேட்கப் போகிறார் என்பது அப்போதே தெரிந்தது. டிரைவருக்கு நாற்பது வயசிருக்கும், வத்தலக்குண்டுக்காரர். குளிருக்குத் துண்டைக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்தார்.

நாலு பேரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கமிஷன் பேசாமல் இறக்கவும் மனசில்லை, பேசவும் வழியில்லை. டிரைவர் ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய், "அண்ணன் மாட்டுச் சந்தைக்கெல்லாம் போற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார்.

"போகாம?" என்றார் இவர். போனது ஒரே ஒரு தடவை. அதுவும் அங்கே டீ நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதால்.

உடனே டிரைவர் துண்டை உருவித் தன் கை மேல் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் இவருடைய கையைப் பிடித்தார். மேலே சன்னலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தையில் தரகர்கள் விலை பேசுகிற முறை அது. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அத்தனை மடங்கு விலை. மறு பேச்சு கிடையாது. கை கொடுத்தால் கொடுத்ததுதான். அதை மீறினவனுக்குச் சந்தையில் யாரும் டீ கூட வாங்கித் தர மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். இந்த டிரைவர் ஒரு காலத்தில் மாடு ஏற்றுகிற வண்டி ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில் கை நீட்டிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு விரல் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் துண்டு அசைய அசைய, "ஆமா, ஆமா" என்று சிரித்தபடி தலையாட்டுகிறார். நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வருவதற்குள் பேச்சு முடிந்து, டிரைவர் பேயறைந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அடுத்த நொடியே பார்ட்டியிடம் திரும்பி, "சார், இந்த மாதிரி வீடு கொடைக்கானல் பூராத் தேடினாலும் கெடைக்காது, உள்ள வாங்க" என்று பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அவ்வளவு உற்சாகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியவர் வாடகை பேசினார். மகள் விரதம், அதனால் ஒரு ஆள் டிபனைக் கழிக்க வேண்டும் என்றார். மேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். எப்படியோ முடிந்தது. அவர்கள் மாடிக்குப் போனதும் நான் இவரைச் சமையல்கட்டுக்குள் இழுத்தேன்.

"எத்தனை விரலைங்க பிடிச்சாரு?"

"விரலா?"

"துண்டுக்குள்ள!"

"அதா? பாவம், கை ஐஸா கெடந்துச்சு. ஒரு விரலைப் பிடிச்சாரு. நடுங்குறாரேன்னு கை முழுசும் குடுத்தேன். அப்பவும் சூடு ஏறல. அதான் இன்னொரு கையையும் உள்ள விட்டு நல்லாப் பொத்திக்கிட்டேன்."

நான் அப்படியே அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கமிஷன் கணக்கில் ஒரு விரல் என்றால் நூற்றுக்குப் பத்து. அந்த மனிதர் கேட்டது ஒரு விரல். இவர் ஐந்து விரல் கொடுத்து, அது போதாதென்று இன்னொரு ஐந்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பத்து விரல். வாடகை மொத்தமும் டிரைவருக்கு. எங்களுக்கு மிஞ்சுவது நாலு பேர் தின்ற டிபன் பாத்திரம் கழுவுகிற புண்ணியம்.

விளக்கிச் சொன்னதும் இவர் பேய் முழி முழித்தார். "அப்ப நான் குடுத்தது செல்லாதுன்னு சொல்லிரு. எனக்குத்தான் தெரியாதே" என்றார். நியாயம்தான். ஆனால் நான் தரகர் மகள். துண்டுக்குள் கொடுத்த கையைச் செல்லாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கொடுத்தாலோ, முதல் வருமானம் பூஜ்யம், குழுக் கடன் அப்படியே நிற்கும். "ஒன் ரூமு சம்பாதிச்சது இதானா" என்று ஒரு பார்வை பார்ப்பார், ஆவணியில் பூண்டு மாடி ஏறிவிடும். மாடியில் அந்தப் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் கழித்து என் வீட்டுக் கூரைக்கு மேல் சிரிப்புச் சத்தம்! அதை இழக்க எனக்கு மனசே வரவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து இட்லி ஊற்றினேன். விரதம் என்று சொன்ன மகள் ஆறு இட்லி சாப்பிட்டாள். பெரியவர் வாடகையை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று, இப்போது மேகம் விலகி நன்றாகத் தெரிகிற மலையைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பணத்தை அப்படியே மடித்து டிரைவர் பக்கம் நீட்டப் போனேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத்தில்.

டிரைவர் வாங்கவில்லை. பார்ட்டி பக்கத்தில் நிற்பதால் வாயால் எதுவும் சொல்லவும் முடியவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய், "இன்னிக்கும் கை ரொம்பக் குளிருதுண்ணே" என்று துண்டை எடுத்துக் கை மேல் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நேற்றுக் கொடுத்த கையில் ஏதோ பிசகு இருக்கிறது, வா, மறுபடியும் பேசுவோம் என்கிறார். எவ்வளவு பெரிய மனசு! எனக்கு உச்சி குளிர்ந்தது.

என் வீட்டுக்காரருக்கு அது புரிய வேண்டுமே. "அடடா" என்று மறுபடியும் இரண்டு கையையும் சேர்த்துத் துண்டுக்குள் கொண்டுபோனார்.

"வேணாம்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவருடைய இடது கையை வெளியே பிடுங்கி, என் சால்வைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கையை நான் பிடிக்க முடியாது, ஊர் சிரிக்கும். புருஷன் கையைப் பிடிக்க யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பக்கம் டிரைவர் இவருடைய வலது கை, இந்தப் பக்கம் நான் இவருடைய இடது கை. நான் ஒரு விரலை அழுத்தினேன். "இதை அப்படியே அந்தப் பக்கம் குடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். இவர் கூச்சத்தில் நெளிந்தார். கல்யாண மேடையில் பிடித்ததற்கப்புறம் நாலு பேர் பார்க்க நாங்கள் கை பிடித்ததே இல்லை. காது வரைக்கும் சிவந்துபோய், எதையோ அந்தப் பக்கம் கொடுத்தார். அங்கிருந்து ஏதோ வந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

பெரியவர் இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன, மலையில விருந்தாளியை வழியனுப்புற சம்பிரதாயமா?" என்று கேட்டார். அவர் பக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, துண்டின் மேல் தன் கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எந்தக் கமிஷன் அவர் காதில் விழக் கூடாது என்று இவ்வளவு பாடும் படுகிறோமோ, அதன் மேலேயே கையை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, இருமுவது போல நடித்துச் சமாளித்தேன்.

கடைசியில் என் கையில் ஒரு விரல் நிலைத்தது. ஒன்றுக்கு முடிந்தது என்று நான் நிம்மதியானேன். டிரைவர் முகமும் மலர்ந்தது. பார்ட்டி காரில் ஏறியதும் நூற்றுக்குப் பத்து என்று எண்ணி அவரிடம் கொடுத்தேன்.

"அக்கா, ரெண்டுல்ல?" என்றார்.

"ஒண்ணுதானே வந்துச்சு?"

இருவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். "ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்னு ஆளுக்குப் பிடிச்சதைக் குடுத்தேன்" என்றார் இவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டிரைவர் காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். உள்ளே இருந்த தூத்துக்குடிக்காரர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அந்த ஒரு தடவைக்கு இரண்டு விரல், இனிமேல் எப்போதும் ஒரு விரல் என்று வாயாலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் அந்த டிரைவர் வாரம் தவறாமல் வந்தார். கொடைக்கானலில் அவருக்கு இரண்டு விரல், மூன்று விரல் தருகிற விடுதிகள் இருந்தன. அவற்றைத் தாண்டி, வளைவு வளைவாக எங்கள் வீடு வரைக்கும் பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "பத்து விரலையும் குடுத்த வீடுக்கா" என்றார். "அண்ணன் தெரியாம குடுத்ததுதான், இருந்தாலும் என் சர்வீஸ்ல இப்படி யாரும் குடுத்ததில்ல."

வீடு கலகலப்பானது. மதுரை, சிவகாசி, ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ வந்து என் சமையல்கட்டில் நின்று கதை பேசினார்கள். டிஸ்கவுன்ட் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தேனிலவு டிஸ்கவுன்ட் கேட்டாள், அறுபதாம் கல்யாணம் முடித்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். விலையைக் குறைப்பது எனக்கு ஆகாது. அதற்கு ஒரு வழியை என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். புறப்படுகிறவர்கள் பையில் கேட்காமலே ஒரு கை பூண்டை அள்ளிப் போட்டு, "கொசுறு" என்றார். டிஸ்கவுன்ட் கிடைக்காமல் உம்மென்று நின்றவர்கள் அதை வாங்கியதும் வாயெல்லாம் பல்லாகப் போனார்கள். காய்கறி வாங்குகிறவர்களுக்குக் கொசுறில் இருக்கிற திருப்தி எந்த விலைக் குறைப்பிலும் இல்லை. வளைவில் கார் சத்தம் கேட்டால் இவர் தலை சீவிக்கொள்வதையும் நான் கவனித்தேன். கவனிக்காதது போல இருந்தேன்.

ஆடி பிறந்தது. மழையும் காற்றும் சேர்ந்துகொண்டன, சாலையில் மரம் விழுந்து கிடந்தது, கார்கள் நின்றுபோயின. குழுக் கடனில் கடைசிக் கொஞ்சம் பாக்கி நின்றது. பெரிய தொகை இல்லை, ஆனால் காலி அறை அதைக் கட்டாது. ஆவணி வாசலில் நிற்கிறது. நான் தினமும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறிப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சாயங்காலம் அடித்தது. தூத்துக்குடிப் பெரியவர். "சம்பந்தி வீட்டோட வர்றோம்மா. ரெண்டு ரூமும் நாலு நாளைக்கு வேணும்" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்த நாலு நாள் போதும், கடன் முடிந்துவிடும். வால்வைத் திறந்துவிட வந்த என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு. இந்தத் தடவை எங்க சொந்தக் கார்ல வர்றோம், டிரைவர் கிடையாது. அந்தத் துண்டுக்குள்ள பேசினது என்னன்னு மருமகப்பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லிட்டார், அவர் சந்தையில பார்த்திருக்காராம். அந்தக் கமிஷனை எங்களுக்குக் கழிச்சிருங்க. நானும் கையை வச்சேன்ல, அப்ப எனக்கும் பங்கு உண்டுதானே?"

கெட்டிக்காரர். எனக்கே சிரிப்பு வந்தது. சரி என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அப்புறம் அந்த டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். இந்த மழையில் அவருக்கும் சவாரி இருக்காது. முழு வாடகையையும் நான் நீட்டியபோது வாங்காமல் தலையை ஆட்டிய மனிதர். பெரியவர் எங்கள் வளைவுக்கு வந்த வழியே அவர் காட்டியது. அவர் இல்லாத நேரம் பார்த்து அவர் விரலை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.

"ஐயா, அந்த ஒரு விரல் அவருது. நீங்க எந்தக் கார்ல வந்தாலும் அதை அவருக்குத்தான் குடுப்பேன். பூண்டு வேணும்னா ரெண்டு கை கூடப் போடுறேன்."

"யோசிச்சுச் சொல்லுறேன்மா" என்றார். நான் ஐந்தாறு நாள் மேட்டிலேயே நின்றேன். அவர் யோசித்து முடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ சொன்னால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆவணியில் பூண்டு வந்தது. குதிரை மேல் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். நல்ல விளைச்சல், பல் ஒவ்வொன்றும் பருத்திருந்தது. சொன்ன வாக்கு சொன்னதுதான். அவர் கேட்பதற்கு முன்னால் நானே மாடிக்குப் போய்த் தலையணைகளைக் கீழே கொண்டுவந்தேன், மெத்தைகளைச் சுருட்டி ஒவ்வொன்றாகப் படியில் இழுத்து வந்தேன். அழக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மெத்தையில் அழுதுவிட்டேன். அந்தச் சத்தமில்லாத வீட்டை நினைத்துத்தான்.

இவர் குதிரைக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் கிடந்த மெத்தைகளைப் பார்த்தார். "இதை யாரு எறக்கச் சொன்னா?" என்றார்.

"ஆவணி வந்துருச்சுல்ல? கடன் பாக்கி கெடக்குல்ல?"

அவர் இரண்டு கட்டுப் பூண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப் பக்கம் போகாமல் நேராக நாங்கள் படுக்கிற அறைக்குள் போனார். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், எங்கள் கட்டிலுக்கு மேலே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இங்கயா? நாம எங்கங்க படுக்கிறது?"

"அடியில. மேல கட்டுனா வாடை நிக்கும், அப்புறம் வர்ற பார்ட்டியெல்லாம் அதுக்கும் டிஸ்கவுன்ட் கேப்பான். மெத்தையெல்லாம் வெரசா மாடிக்கு ஏத்து, டிரைவரு நாளைக்குப் பார்ட்டி கூட்டிட்டு வர்றாராம். மேட்டுல ஏறி நாந்தான் பேசுனேன்."

இவர் போனில் பேசியதை நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் கெடு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கட்டுப் பூண்டைக் கயிற்றில் மாட்டி, சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். பிறகு கூட்டுறவு பேங்க் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தள்ளுபடி" என்றார்.